1850க்கு முன்னால் வாழ்ந்த அமெரிக்க முன்னோரின் அப்பாவைக் கண்டுபிடிப்பது எப்படி?

1850 சென்சஸில் கென்டக்கியில் 72 வயது, பிறந்தது வர்ஜீனியா என்று பதிவாகியிருக்கும் ஜான் கிளார்க்கின் அப்பா யார், இணையத்தில் கிடைத்த வம்சாவளியை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த வம்சாவளியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அடிமைகளைத் தவிர, வீட்டிலுள்ள எல்லோர் பெயரையும் எழுதிய முதல் சென்சஸ் 1850தான். 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. அதிலும் இந்த இரண்டு மாநிலங்களுக்கும் 1790, 1800 தாள்கள் ஏறக்குறைய முழுக்கத் தொலைந்துவிட்டன.

அதனால் வரிப்பட்டியலுக்குப் போங்கள். வர்ஜீனியாவில் 1782 முதலும் கென்டக்கியில் 1792 முதலும் உண்டு. ஒரு வருடத்தை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. இருபது வருடத்தை வரிசையாக எடுத்து அட்டவணை போடுங்கள். அப்பா பெயருக்கு நேரே 16 வயது தாண்டிய ஆண்கள் 1 என்றிருந்தது ஒரு வருடம் 2 ஆகும். 21 வயதையொட்டி மகன் பெயர் தனி வரியில் வரும். 1850இல் 72 வயது என்றால் பிறந்தது 1778 வாக்கில். அந்தத் தனி வரி 1799 வாக்கில் வந்திருந்தால் உங்கள் ஆளாக இருக்கலாம். 1850இல் சொன்ன வயது இரண்டு மூன்று வருடம் முன்பின் இருக்கும், அதற்கும் இடம் விடுங்கள்.

பலரும் சறுக்குவது ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கும்போது. அந்தக் காலத்தில் சீனியர், ஜூனியர் என்றால் அப்பா, மகன் என்று அர்த்தமில்லை. அந்த ஊரில் மூத்தவர், இளையவர், அவ்வளவுதான். இவர்களைப் பிரித்துக் காட்டுவது நிலப் பத்திரம். வாங்கிய பத்திரத்தைவிட விற்ற பத்திரம்தான் பொக்கிஷம். கணவன் இறந்தால் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு இருந்ததால், விற்கும்போது அவள் அதை விட்டுக்கொடுக்க வேண்டும். அவள் பெயர் வந்துவிடும். ஒரு ஜானின் மனைவி மேரி, இன்னொருவரின் மனைவி சாரா என்று அங்கேதான் தெரியும். குடிபெயர்ந்தபின் பழைய நிலத்தை விற்றவர் "கென்டக்கி, இன்ன கவுண்டியைச் சேர்ந்த" (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) என்று எழுதியிருந்தால் இரண்டு மாநிலங்களும் இணைந்துவிடும். பழைய பத்திரங்களை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தின் முழு உரைத் தேடலில் இலவசமாகத் தேடலாம். கையெழுத்தைக் கணினி தவறாக வாசிக்கும் என்பதால் பக்கத்து நிலக்காரர் பெயரைப் போட்டும் தேடுங்கள்.

கவுண்டி எல்லையையும் கவனியுங்கள். கென்டக்கி 1792 வரை வர்ஜீனியாவின் பகுதி. கவுண்டி பிரிந்தாலும் பழைய ஏடுகள் தாய்க் கவுண்டியிலேயே இருக்கும்.

அப்பா அமெரிக்கப் புரட்சிப் போரில் (பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போர்) இருந்திருக்கக்கூடிய வயதுக்காரர் என்றால் 1832 சட்டப்படி போட்ட ஓய்வூதிய மனுவைத் தேடுங்கள். பிறந்த இடம், வருடம், அதன்பின் எங்கெல்லாம் குடியிருந்தார் என்பதை அவரே சத்தியம் செய்து சொல்லியிருப்பார். விதவை மனுக்களில், பிள்ளைகளின் பிறந்த தேதி எழுதிய குடும்ப பைபிள் தாளைக் கிழித்து இணைத்ததும் உண்டு.