தாய்க்கு எதற்குப் போன் எடுத்தீர்கள், தம்பி?

கேள்வி: ஏறாவூர்ப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். வாகரை, கிரான், செங்கலடி என்று பல ஊர்களிலிருந்து பெண் பிள்ளைகளை எடுக்கிறோம். பஸ், காலைச் சாப்பாடு, வரவுக் கொடுப்பனவு, வருடப் பிறப்புக்குப் பரிசு எல்லாம் உண்டு. எங்கள் பிள்ளைகளைப் போலத்தான் பார்க்கிறோம். ஒருநாள் வராவிட்டாலும் தாய்க்குப் போன் எடுத்து விசாரிப்போம். அப்படியிருந்தும் தையல் பழகி ஆறு மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். மிஞ்சுகிறவர்களும் கல்யாணம் முடித்ததும் போய்விடுவார்கள். மேலிடம் என்னைத்தான் கேட்கிறது. இவர்களை எப்படித் தக்கவைப்பது?
(மனிதவள அலுவலர், மட்டக்களப்பு)

பதில்: பஸ்ஸும் சாப்பாடும் பரிசும் அடுத்த கார்மென்ட்ஸிலும் கிடைக்கும், அதை விடுங்கள். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, தாய்க்குப் போன் எடுப்போம் என்று, அதைத்தான் கேட்கிறேன். அந்தப் பிள்ளைக்கு இருபது வயது தாண்டியிருக்கும். வாக்குப் போடுகிறாள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது. அவள் கையிலேயே போன் இருக்கிறது. பிறகு தாய் எதற்கு?

நீங்கள் போனை வைத்த பிறகு அங்கே நடப்பதைச் சொல்கிறேன். 'உங்கள் மகள் இன்றைக்கு வேலைக்கு வரவில்லை' என்று முன்பின் தெரியாத ஒரு குரல். காலையில் வெளிக்கிட்டுப் போன பிள்ளை எங்கே என்று தாய்க்கு வயிற்றைக் கலக்கும். அண்ணன்காரன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடப் போவான். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கும் விஷயம் போய்விடும். அவளோ ஆஸ்பத்திரியில் துண்டு எடுத்துக்கொண்டு குந்தியிருந்திருப்பாள். பின்னேரம் வந்தால் வாசலிலேயே விசாரணை. கல்யாணம் பேசுகிற வீடென்றால் கேட்கவே வேண்டாம். 'இனி அந்த வேலைக்குப் போகாதே' என்று சொல்வது நீங்கள் போன் எடுத்த அதே தாய்தான். போன் எடுத்த பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த சம்பளத்தோடு நின்றார்கள் என்று உங்கள் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள்.

பிள்ளைகளைப் போலப் பார்க்கிறீர்களாம். பல இடங்களில் ஒருநாள் வராவிட்டாலே வரவுக் கொடுப்பனவில் கைவைப்பார்கள். உங்கள் இடத்திலும் அப்படியென்றால், மாமன் செத்த வீட்டுக்குப் போனவளுக்கும் வெட்டுவீர்கள்தானே? சொந்தப் பிள்ளைக்கு யாராவது அப்படிச் செய்வார்களா? ஏற்றுமதி வாரமா செத்த வீடா என்றால் செத்த வீடுதான். இதில் நான் ஊர்க்காரி, மாறமாட்டேன்.

கல்யாணத்தைச் சாட்டுச் சொல்லாதீர்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீடுவளவு பெண்ணுக்கு, வந்து குடியிருப்பது மாப்பிள்ளை. தமிழர், முஸ்லிம்கள் இரு பக்கமும் பெரும்பாலும் இதுதான் வழக்கம். கல்யாணத்துக்கு மறுநாளும் அவள் உங்கள் பஸ் போகிற அதே ஒழுங்கையில்தான் இருப்பாள். அவள் தைக்க வந்ததே அந்த வீட்டுக்குக் கல் வாங்கத்தான். கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண், மாதாமாதம் சம்பளத்தோடு சேர்ந்துவரும் தன் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. கூரை போடக் காசில்லாமல் நிற்கிறவளுக்கு வேலையை விடுவதே லாபமாகத் தெரியும். வீட்டுக்கு ஒரு கடன் கொடுத்து, அவள் சம்மதத்தோடு சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தால் ஏன் விடப்போகிறாள்?

அப்புறம், எதை விட்டுவிட்டுப் போகிறாள் என்று யாராவது அவளுக்குச் சொன்னீர்களா? சேமலாப நிதிக்கு அவள் சம்பளத்தில் 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்களே கட்டுவது இன்னும் 3 வீதம். ஐந்து வருடம் முடித்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. முதல் சம்பளத் துண்டைக் கையில் கொடுக்கும்போது பக்கத்தில் இருந்து, தமிழில், வரி வரியாகச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு 'கழிவு' என்ற சொல்லைக் கண்டாலே களவு போன மாதிரித்தான்.

பிள்ளை பெற்றவள் திரும்பி வராததற்கும் காரணம் கேட்டீர்களா? மகப்பேற்று நன்மைச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையென்றாலும் 84 நாள் லீவு. ஒரு வயதாகாத பிள்ளைக்குப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளையும் உண்டு. பிள்ளை பராமரிக்கும் இடம் இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். வாகரைக்காரி அதற்குள் வீட்டுக்குப் போய்வர முடியுமா? ஆலையிலேயே ஓர் அறையை ஒதுக்கி, அதே ஊர்களில் இருந்து பிள்ளை பார்க்கத் தெரிந்த அம்மாமார் இரண்டு பேரை வையுங்கள். மேலிடம் காசில்லை என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பிள்ளைகளுக்குத் தையல் பழக்க எவ்வளவு போகிறது என்று கணக்கெழுதி அவர்கள் மேசையில் வையுங்கள்.