காப்பகத்தில் கட்டிலா, கையில் வீட்டுச் சாவியா?

கேள்வி: வீடிழந்த பெண்களும் குழந்தைகளும் தங்க எங்கள் தொண்டுக்குழு 20 கட்டில் கொண்ட காப்பகம் தொடங்க இருக்கிறது. ஆறு மாதம் தங்கித் தொழில் பழகிய பிறகு வாடகை வீட்டுக்கு அனுப்புவதாகத் திட்டம். இது சரிதானா?

பதில்: கட்டில்களைக் குறைத்து, மிச்சப்படும் பணத்தை வாடகைக்கு ஒதுக்குங்கள். தொழில் பழகிய பிறகுதான் வீடு என்ற வரிசையையும் மாற்றிவிடுங்கள்.

காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 2010 முதல் 12 பகுதிகளில், காப்பகங்களில் இருந்த 2,282 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. நீண்டகால வாடகை மானியம் வழங்கப்பட்ட பிரிவில், மூன்று ஆண்டுகள் கழித்தும் வீடின்மை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. இருபதாவது மாதக் கணக்கெடுப்பிலேயே, துணைவரின் வன்முறையும் தாயும் பிள்ளையும் பிரிவதும் குறைந்திருந்தன. பயிற்சி, ஆலோசனையோடு கூடிய இடைக்கால விடுதியோ வழக்கமான உதவியைவிடப் பெரிதாக எதையும் மாற்றவில்லை. உங்கள் திட்டம் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது.

ஆபத்திலிருந்து ஓடி வருபவருக்கு அன்றிரவு தங்க இடம் வேண்டும்; அதற்கு நாலைந்து அறைகள் போதும். பொதுக்கூடம் வேண்டாம், குடும்பத்துக்கு ஓர் உள்தாழ்ப்பாள் அறை என்று வையுங்கள். பெண்கள் காப்பகங்கள் பலவற்றில் குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. மகனை விட்டுவிட்டு வர மனமில்லாமல் வன்முறை வீட்டிலேயே இருந்துவிடும் தாய்மார்கள் உண்டு. அந்த விதியை எழுதவே எழுதாதீர்கள்.

முதல் சந்திப்பில் பெரிய விண்ணப்பம் வேண்டாம். இன்றிரவு ஆபத்து உண்டா, நேற்று எங்கே படுத்தார்கள், வீட்டை இழக்காமல் தடுக்க இன்னும் வழி இருக்கிறதா? இந்த மூன்றும் போதும். வாடகை பாக்கியால் வெளியேறும் நிலை என்றால், பாக்கியைக் கட்டி உரிமையாளரோடு பேசிமுடிப்பது புது வீடு பிடிப்பதைவிடப் பெரும்பாலும் மலிவு. பிள்ளைகளின் பள்ளியும் மாறாது.

வீடு பார்க்கும்போது, நீங்கள் விலகிய பிறகு அந்தப் பெண் தாங்கக்கூடிய வாடகையா என்று பாருங்கள். வருமானத்தில் 30 சதவீதம் என்பது பொதுவான அளவுகோல். மலிவு என்பதற்காக வேலைக்கும் பள்ளிக்கும் எட்டாத இடத்தில் குடியமர்த்தினால், மிச்சமானது பயணச்செலவில் கரைந்து, சில மாதங்களில் வேலையும் போகும். வாடகை ஒப்பந்தம் அந்தப் பெண்ணின் பெயரிலேயே இருக்கட்டும். முன்பணத்தை உரிமையாளரிடம் நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள். உதவியைச் சட்டென நிறுத்தாதீர்கள். முதல் மூன்று மாதம் முழு வாடகை, பிறகு வருமானத்தைப் பார்த்துப் படிப்படியாகக் குறைப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாத வாடகை அவசர இருப்பாக இருக்க வேண்டும். இதற்கு மேல் உங்கள் நிதி தாங்காது என்றால், அரசின் நீண்டகால வீட்டு உதவிக்கு முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். சில மாத வாடகை உதவிக்குச் செலவு குறைவு. ஆனால் அது மட்டும் நீடித்த பலன் தருவதில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்ததுதான்.

உரிமையாளர்கள் தயங்குவார்கள். வாடகை தாமதமானாலோ எதுவும் உடைந்தாலோ கூப்பிட ஓர் எண்ணைக் கொடுத்து, அன்றே பதில் சொல்லுங்கள். அந்த நம்பிக்கையில்தான் அவர் அடுத்த வீட்டையும் தருவார்.

குடிபோன பிறகுதான் பல குழுக்கள் தவறுகின்றன: அந்தக் குடும்பத்தின் கோப்பினை மூடிவிடுகிறார்கள். காப்பகத்திலிருந்து வீட்டுக்கு மாறுபவர்களுக்கான மாற்றக்கால ஆதரவு முறையில் (Critical Time Intervention) ஒன்பது மாதத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். முதல் மூன்று மாதம் அடிக்கடி நேரில் சென்று பள்ளி, மருத்துவம், பகல்நேரக் குழந்தைக் காப்பகம், வங்கிக் கணக்கு என இணைப்பது. அடுத்த மூன்றில் அவரே நடத்த, இடறும் இடத்தில் மட்டும் கை கொடுப்பது. கடைசி மூன்றில் பொறுப்பை உள்ளூர் ஆதரவுகளிடம் ஒப்படைத்து விலகுவது. ஒரு களப்பணியாளரிடம் 15 குடும்பங்களுக்கு மேல் கொடுத்தால் இது பெயரளவுக்குத்தான் நடக்கும்.

வன்முறையிலிருந்து வந்தவர் என்றால் பிரிந்த பிறகான முதல் சில மாதங்களே மிக ஆபத்தானவை. முகவரி பெரும்பாலும் கசிவது கைபேசியின் இருப்பிடப் பகிர்வு, இருவரும் சேர்ந்து பயன்படுத்திய பழைய கணக்குகள், பள்ளிப் பதிவேடு, நீதிமன்றத் தாள்கள் வழியாக. குடியேறும் முன்பே கடவுச்சொற்களை மாற்றச் செய்து, கடிதங்களுக்கு உங்கள் அலுவலக முகவரியைக் கொடுக்க முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். நன்கொடையாளர்களுக்காகச் சாவி வழங்கும் படம் எடுத்துப் பதிவிடும் வழக்கம் இருந்தால், இன்றோடு விட்டுவிடுங்கள்.