சின்னப் பிள்ளைகளோடு பழைய பாய்மரப் படகு வாங்கிச் சரிசெய்யலாமா?

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு 3 வயது, 6 வயது. பல வருடமாகக் கரையில் கிடக்கும் 26 அடி பாய்மரப் படகு ஒன்று மலிவாக வருகிறது. நானே சரிசெய்து குடும்பத்தோடு கடலுக்குப் போக ஆசை. வாங்கலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பாய் விரித்துப் போகும் ஆசையை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதற்கு வேறு வழி இருக்கிறது. நான் காசிமேட்டில் பைபர் படகு ரிப்பேர் வேலை பார்ப்பவன், வீடு ராயபுரம். எனக்கும் இரண்டு பிள்ளைகள். கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு படகு எங்களுக்கும் விலைக்கு வந்தது. நானும் மனைவியும் பல நாள் பேசித்தான் வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

குடும்பத்தோடு போவது கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் ரிப்பேர் என்று ஒரு காலம் இருக்கிறது, அதில் பிள்ளைகளுக்கு இடமே கிடையாது. பைபரைக் கிரைண்டரில் தேய்த்தால் பறப்பது கண்ணாடித் தூள். முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போட்டாலும் ராத்திரி கழுத்தெல்லாம் அரிக்கும். பைபர் அடுக்குகளை ஒட்டும் பிசினான ரெசினின் வாடை பெரியவர்களுக்கே தலையைச் சுற்ற வைக்கும். ரெசின் இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. இதெல்லாம் போக, அடியில் கீல், அதாவது படகு கவிழாமல் இருக்கக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பாகம், உள்ள படகு முட்டுக்கொடுத்து நிற்கும்போது அதன் மேல்தளம் ஆள் உயரத்தைத் தாண்டி இருக்கும். ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். 3 வயதுப் பிள்ளையை அங்கே எப்படி விடுவீர்கள்? ஆக ஞாயிற்றுக்கிழமைதோறும் நீங்கள் படகில், உங்கள் மனைவி வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு. வேலைக்குப் போகிறவர் லீவு நாளில் மட்டும் செய்தால் இது இரண்டு மூன்று வருடம் இழுக்கும். அதற்குள் பெரிய பிள்ளைக்கு எட்டு ஒன்பது வயது ஆகிவிடும்.

எங்கள் கடற்கரை மாதக் கணக்கையும் பாருங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஈரத்தில் ரெசின் ஒட்டாது, அதனால் திறந்த வெளியில் அந்த வேலை நடக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அப்போதுதான் விசைப்படகுகள் எல்லாம் கரையேறி ரிப்பேருக்கு நிற்கும். தச்சர், வெல்டர், மெக்கானிக், பெயின்டர் யாரும் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள், கிடைத்தாலும் கூலி ஏறியிருக்கும். மே மாத வெயிலில் ரெசின் கலக்கிய வாளியிலேயே இறுகிப் போகும், கலவையைக் குறைத்துக் குறைத்துக் கலக்கக் கை பழகியிருக்க வேண்டும். நிம்மதியாக வேலை செய்ய ஜனவரியிலிருந்து ஏப்ரல் பாதி வரைதான் நல்ல காலம். அப்புறம் ஜூலைக்கு மேல் சாயங்கால மழைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு கொஞ்சம் ஓட்டலாம்.

படகின் நிலையைத் தெரிந்துகொள்ள ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். அதன் கைப்பிடியால் உடம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கணீரென்று கேட்கும். பைபர் அடுக்கு விட்டுப்போன இடத்திலும், மேல்தளத்துக்குள் வைத்திருக்கும் மரம் ஊறிய இடத்திலும் 'தொப் தொப்' என்று செத்த சத்தம் வரும். பாய்மரம் ஊன்றியிருக்கும் இடம், பக்கக் கம்பிகளைப் பிடித்திருக்கும் தகடுகளைச் சுற்றிய இடம், இந்த இரண்டிலும் நிதானமாகத் தட்டிப் பாருங்கள். தண்ணீர் முதலில் இறங்குவது அங்கேதான். அடிப்பக்கம் அம்மைக் கொப்புளம் மாதிரி புடைத்திருந்தால் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு ஒன்றைக் குத்திப் பாருங்கள். நாங்கள் பார்த்த படகில் ஊசி பட்டதும் பழுப்புத் தண்ணீர் பீச்சிக்கொண்டு வந்தது, மோந்தால் வினிகர் வாடை. பைபருக்குள் ஊறிய நீர் ரெசினைக் கரைத்து அப்படி ஆகிறது. அதற்கு மேலே பெயின்ட் அடித்தால் அடுத்த வருடமே திரும்பி வரும். தோலைச் சீவி, மாதக்கணக்கில் காயவிட்டு, மறுபடி அடுக்குப் போட வேண்டும். சென்னைக் காற்றில் காய்வது என்பது தனி வேதனை.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் ஒரு இழை பிய்ந்திருந்தாலும் முழுவதையும் மாற்றுங்கள். வெளியே பளபளவென்று இருக்கிற ஸ்டெயின்லெஸ் கம்பி முனையில் உள்ளுக்குள்ளேயே அரித்துப் போயிருக்கும். போல்ட், ஷாக்கிள் என்ற கொக்கி வளையம், கயிறு எல்லாம் பாரிமுனையில் கிடைக்கும், ஸ்டெயின்லெஸ் சாமான் என்றால் 316 ரகமா என்று கேட்டு வாங்குங்கள், 304 உப்புத் தண்ணீருக்குத் தாங்காது. பாயும் அதற்கான கப்பி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் வகையறாவும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியவை. படகுக்குக் கொடுக்கும் விலை அளவுக்கு இன்னொரு பங்கு கையில் இல்லாமல் தொடங்கவே கூடாது, அது போதும் என்றும் என்னால் சொல்ல முடியாது.

சரி, சரிசெய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே நிறுத்துவீர்கள்? எங்கள் ஆட்களின் பைபர் படகு தட்டையாக இருப்பதால் அலையில் ஏறி மணலில் வந்து உட்காரும். கீல் உள்ள படகுக்கு எப்போதும் ஆழமான, அலை அடங்கிய தண்ணீர் வேண்டும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையில் பெரும்பாலும் பாறையும், அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கல் போட்ட தூண்டில் வளைவும்தான். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் தொழில் படகுகளுக்கே இடம் இல்லாமல் ஒன்றோடொன்று உரசி நிற்கின்றன. எண்ணூர் கழிமுகம் மணல் மேடிட்டுக்கொண்டே இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்தபோது அங்கே படகும் வலையும் என்ன பாடுபட்டன என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மிச்சம் சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் படகுச் சங்கங்கள்தான். 1911ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட்ச் கிளப் அங்கேதான் இருக்கிறது. துறைமுகத்துக்குள் போக நுழைவுச்சீட்டு, கிளப்பில் உறுப்பினர் சேர்க்கை என்று அதற்கென்று நடைமுறை உண்டு. இடம் உண்டு என்று எழுத்தில் வாங்காமல் படகுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் முடிவைத் தீர்மானித்தது என் மனைவி கேட்ட ஒரு கேள்வி. "புயல்னு சொல்லிட்டாங்க, கரண்ட் போயிடுச்சு, தெருவுல தண்ணி ஏறுது. அன்னிக்கு ராத்திரி நீங்க படகைக் கட்டப் போவீங்களா, எங்களோட இருப்பீங்களா?" வர்தா புயல் கரை கடந்த 2016 டிசம்பர் 12ஆம் தேதியை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. படகு வைத்திருக்கிறவன் எச்சரிக்கை வந்ததும் துறைக்கு ஓடத்தான் வேண்டும், கயிறு மாற்றி டயர் கட்டிக் காவல் இருக்க வேண்டும். தொழில் படகானால் அது சோறு போடுகிறது, வீட்டில் உள்ளவர்களும் புரிந்துகொள்வார்கள். ஆசைக்கு வாங்கிய படகுக்காகப் பிள்ளைகளை அந்த ராத்திரியில் விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வராது என்றே நினைக்கிறேன்.

நாங்கள் செய்தது இதுதான். முதலில் இரண்டு பிள்ளைகளுக்கும் நீச்சல். பெரியவளுக்கு எட்டு வயதானதும் பாய்மரப் பயிற்சியில் சேர்த்தோம். ஆப்டிமிஸ்ட் என்று பிள்ளைகளுக்கென்றே ஒரு குட்டிப் படகு இருக்கிறது, 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை, ஒரே ஒரு பாய். ஒரு பிள்ளை தனியாகவே ஓட்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் போட்டிக்குப் போன நேத்ரா குமணன் சென்னைப் பெண்தான், சிறு வயதில் கோடை முகாமில் கற்றுக்கொள்ள ஆரம்பித்தவர். என் மகள் முதல் தடவை காற்றைப் பாயில் வாங்கித் தானாகத் திருப்பிக்கொண்டு வந்தபோது, கரையில் நின்ற என் கை நடுங்கியது. நான் ரிப்பேர் செய்யும் எந்தப் பெரிய படகும் அவளுக்கு அதைக் கொடுத்திருக்காது. ரிப்பேர் ஆசைக்கு, கீல் இல்லாத சின்னத் திறந்த படகு ஒன்றைப் பழையதாக எடுத்தேன். ட்ராலியில் தள்ளிக்கொண்டு போகிற அளவுதான், ஒரு சீசனில் முடிந்தது. கிரைண்டர் வேலை முடிந்து தூளெல்லாம் கழுவிய பிறகு பெயின்ட் அடிக்க இரண்டு பேரும் வந்தார்கள்.

இவ்வளவு சொல்லியும் அந்த 26 அடிப் படகு மனதை விட்டுப் போகவில்லை என்றால், நிறுத்த இடம் உறுதியாகி, தட்டிப் பார்த்து உடம்பும் கீலும் நன்றாக இருந்து, செலவு பாய், கம்பி, எஞ்சினோடு நிற்கும் என்றால், உங்கள் மனைவிக்கும் அதே அளவு ஆசை இருந்தால் மட்டும் யோசியுங்கள். காகிதம் முக்கியம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரச் சோதனை கடுமையாக இருக்கிறது, பதிவு இல்லாத படகோடு மாட்டினால் தப்ப முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்த படகானால் சுங்கவரி கட்டிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு அவர்கள் எடைக்கு ஏற்ற லைஃப் ஜாக்கெட் வேண்டும், பின்னால் கழுத்தைத் தாங்கும் காலரும் இரண்டு காலுக்கு நடுவே போகும் பட்டையும் உள்ளது. பெரியவர்கள் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் தலை வழியே உருவிக்கொண்டு போய்விடும். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் போனார்களே, அதில் பிள்ளைகளும் உண்டு. அமைதியான தண்ணீர் என்று நம்பித்தான் அவர்களும் ஏறினார்கள். கடலோரக் காவல் படையின் 1554 எண்ணை இப்போதே போனில் போட்டு வையுங்கள், யார் படகில் போனாலும் உதவும்.

முன்பணம் ஏதும் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கீல் போல்ட்டையும் பாய்மரத்து அடியையும் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.