பின்தங்கும் அரசுப் பள்ளி மாணவர்களை முன்னேற்ற மாநிலம் முழுவதற்கும் ஒரே திட்டம் போதாதா?

போதாது. ‘மாலையில் சிறப்பு வகுப்பு நடத்தினால் சரியாகிவிடாதா’ என்றும் கேட்டிருப்பதால், தாங்கள் நகரத்துப் பள்ளியொன்றை மனத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். யானை இறங்கும் காலத்தில், காட்டோரக் கிராமத்துப் பிள்ளைகளை மாலையில் நிறுத்தி வைக்க எந்தப் பெற்றோரும் சம்மதிப்பதில்லை.

தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் பல வீடுகளில் பேச்சுமொழி தெலுங்கு அல்லது கன்னடம். பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தை நான் குறை கூறவில்லை. அப்படித் திரித்துப் பின்னூட்டம் இட வேண்டாம். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் இருந்தவர்களை ஒருமுறை தனியே உட்காரவைத்து, வயதுக் கணக்கு ஒன்றை வகுப்பு மாணவி ஒருத்தியைக் கொண்டு தெலுங்கில் சொல்லவைத்தேன். அதுவரை வெற்றுத்தாள் கொடுத்துவந்த சிலர் சமன்பாட்டைச் சரியாகவே அமைத்துவிட்டார்கள். மற்றவர்களுக்குக் கேள்வி விளங்கியும் குறை எண்ணைக் கழிக்கத் தெரியவில்லை. அவர்களுக்கு இரண்டு மூன்று வகுப்புகளுக்கு முந்தைய பாடம் வேண்டியிருந்தது. இந்த இரு சாராருக்கும் நாங்கள் கொடுப்பதோ, தேர்ச்சிக்கு வேண்டியதை மட்டும் தொகுத்த ஒரே குறைந்தபட்சக் கற்றல் கையேடு.

பத்தாம் வகுப்பில் அந்தக் கையேட்டின் கணக்கு எளியது. வடிவியலும் வரைபடமும் எட்டெட்டாகப் பதினாறு, ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினான்கு, ஆக 30; தேர்ச்சிக்கு இன்னும் ஐந்து மதிப்பெண் போதும். நானும் அதைத்தான் மனப்பாடம் செய்யவைக்கிறேன், ஏனெனில் தேர்ச்சி பெறாத பெண்ணுக்கு இங்கே அடுத்த முகூர்த்தத்திலேயே திருமணம் பேசிவிடுவார்கள். ஆய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் கேட்கும் அதிகாரிகள், அந்த 35 மதிப்பெண் எதிலிருந்து வந்தது என்று கேட்டதில்லை.

ஆசிரியர்கள் உழைப்பதில்லை என்று எழுதக் காத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தன்னார்வலர்கள் வீட்டருகிலேயே பாடம் சொல்லித்தர 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் எங்கள் பக்கத்தில் பயன்பட்டதற்குக் காரணம், தன்னார்வலர் அதே தெருப் பெண்ணாக இருந்ததும், புரியாத இடத்தை வீட்டுமொழியில் சொல்ல அவரால் முடிந்ததும்தான். டெல்டாவிலோ சென்னையிலோ இது ஒரு பொருட்டாக இருக்காது. இங்கே இதுவே முதல் தேவை. அந்தத் திட்டம் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்குத்தான், அதற்குமேல் உள்ளவர்களுக்கு அப்படி ஓர் ஆள் இல்லை.

இரண்டாவது தேவை, நிலைத்திருக்கும் ஆசிரியர். வட மாவட்டங்களில் நியமனம் பெறும் தென் மாவட்டத்தவர் பலரும், பிள்ளைகளின் பேச்சு காதுக்குப் பிடிபடத் தொடங்கும் வேளையில் பொது மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர் போய்விடுகிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, நானும் தென்காசிப் பக்கத்தான். மலையோரப் பள்ளிகளில் தங்குவோருக்குக் குடியிருப்பும், பிற்காலத்தில் விரும்பும் இடத்துக்கு முன்னுரிமையும் தரவேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் பேசினேன். “அதுவரைக்கும் நீங்களே பார்த்துக்குங்க சார்” என்று சிரித்துவிட்டு அகவிலைப்படித் தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள்.