எத்தோசக்சிமைடால் வயிற்று வலி: நிறுத்தலாமா?

ஏழு வயது மகளுக்குப் பேசிக்கொண்டே இருக்கும்போது சில நொடி வெறித்த பார்வை, அதுவும் ஒரு வகை வலிப்புதான். அதற்கு எத்தோசக்சிமைடு என்ற வலிப்பு மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் வயிற்று வலி, நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்களாக நிறுத்தாதீர்கள், சட்டென்று விட்டால் வலிப்பு கூடிவிடும். குமட்டலும் வயிற்று வலியும் இந்த மருந்தில் சகஜம்தான். சாப்பாட்டோடு கொடுத்துப் பாருங்கள். அப்படியும் அடங்காவிட்டால், வேளைக்கான அளவைப் பிரித்துக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தோலில் தடிப்பு, காய்ச்சல், தொண்டைவலி வந்தால் மட்டும் அன்றே காட்ட வேண்டும்.

உங்கள் உறவினர் சொன்ன கார்பமசெபைன் வேறு வகை வலிப்புக்கு நல்ல மருந்து. உங்கள் மகளுக்கு வரும் வெறித்த பார்வை வகையை மோசமாக்கக்கூடும். அந்தப் பேச்சே வேண்டாம். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு மருந்துக்கு இந்த வலிப்பு அடங்கும். ஆனால் 2010இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் வால்ப்ரோயேட்டும் எத்தோசக்சிமைடும் ஏறக்குறைய சமமாக வலிப்பைக் கட்டுப்படுத்தின (மூன்றாவது மருந்தான லாமோட்ரிஜின் பின்தங்கியது), கவனச் சிதறல் எத்தோசக்சிமைடில்தான் குறைவு. பள்ளிக்குப் போகிற குழந்தைக்கு அது சின்ன விஷயமா என்ன?

தினம் இன்னும் சில தடவை வருகிறது என்பதற்காக மருந்து தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். அளவைப் படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள். எத்தனை முறை, எந்த நேரம் என்று குறித்து வையுங்கள், முடிந்தால் ஒன்றை மொபைலில் படம்பிடியுங்கள். அப்புறம், கை கால் உதறும் பெரிய வலிப்பு வந்தால் உடனே சொல்லுங்கள். அதற்கு இந்த மருந்து மட்டும் போதாது.