ஃபுல்லா ஒடிச்சா டக்டக், பள்ளத்துல கடகட: ஏழு சீட்டர்காரங்க கேட்ட கேள்விகள்

கேள்வி: அண்ணா, 2016 எர்டிகா பெட்ரோல். ஸ்டியரிங்கை ஃபுல்லா ஒடிச்சு யூ டர்ன் போட்டா முன்னாடி டக் டக் டக்னு சத்தம். ரெண்டு பக்க ஆக்ஸிலும் மாத்தணும்ங்குறாங்க, மாத்திடவா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. ஒடிச்சு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது வீல் சுத்துற வேகத்துக்கு ஏத்தாப்ல டக்டக் வந்தா அது அனேகமா வெளிப்பக்க சிவி ஜாயிண்ட்தான் (கியர்பாக்ஸ்ல இருந்து வீலைச் சுத்துற ஆக்ஸில் ஷாஃப்ட்டோட வீல் பக்கத்து முனையில, வளைஞ்சாலும் சுத்துற மூட்டு), ஆனா ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல போறது அபூர்வம். காலி கிரவுண்டுல இடது பக்கம் ஒரு வட்டம், வலது பக்கம் ஒரு வட்டம் மெதுவா போட்டுப் பாருங்க, பெரும்பாலும் வளைவுக்கு வெளிப்பக்கம் இருக்குற வீல்லதான் சத்தம் ஜாஸ்தியா இருக்கும். அப்புறம் குனிஞ்சு ரிம்மோட உள்பக்கத்தைப் பாருங்க, கருப்பு கிரீஸ் வட்டமா தெறிச்சிருந்தா அந்தப் பக்க பூட் (ஜாயிண்டை மூடி கிரீஸைப் பிடிச்சு வைக்கிற ரப்பர் உறை) கிழிஞ்சிருக்கு. அந்த ஒரு ஷாஃப்டை மட்டும் மாத்துங்க போதும். நேரா போகும்போது ஆக்ஸிலேட்டர் மிதிச்சா வண்டி உதறுது, காலை எடுத்தா உதறல் நின்னுடுதுன்னா கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயிண்டையும் பார்க்கணும்.

கேள்வி: பூட் கிழிஞ்சிருக்கு, சத்தம் இல்ல. அப்படியே ஓட்டலாமா சார்?

பதில்: ஓட்டாதீங்க. சத்தம் வர்றதுக்கு முன்னாடி பார்த்துட்டீங்கன்னா பூட் கிட்டோட முடிஞ்சிடும். ஜாயிண்டைக் கழட்டி மண்ணு போக நல்லா கழுவி, கிட்டுல வர்ற அந்தக் கருப்பு மாலிப்டினம் கிரீஸை வைக்கச் சொல்லுங்க, கடையில டப்பாவுல இருக்குற மஞ்சள் கிரீஸை அப்பிட்டு "எல்லாம் ஒண்ணுதான்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. சத்தம் வந்த ஜாயிண்டுக்குப் புது பூட் போட்டு பிரயோஜனம் இல்ல.

கேள்வி: இன்னோவா கிரிஸ்டா, முன்னாடி ஆக்ஸில் மாத்த எவ்ளோ ஆகும்?

பதில்: மாத்துறதுக்கு அதுல முன்பக்கம் ஆக்ஸில் ஷாஃப்டே இல்லீங்க! கிரிஸ்டா பின்வீல் டிரைவ். யார் அப்படி எஸ்டிமேட் போட்டாங்களோ அவங்ககிட்ட வண்டியை விடாதீங்க. சத்தம் வந்தா மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் (வீலை வண்டியோட சேக்குற இரும்புக் கைகள்), அதுங்களோட பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு), புஷ் (ரப்பர் மூட்டு), ஸ்டியரிங்கை வீலோட சேக்குற டை ராடு எண்டுன்னு பார்க்கணும். ஹைக்ராஸ்னா அது வேற கதை, முன்வீல் டிரைவ்.

கேள்வி: லோயர் ஆர்ம் ரெண்டும் புதுசு, கம்பெனி சாமான்தான். கொஞ்ச மாசத்துலயே புஷ் கிழிஞ்சு திரும்ப கடகடன்னு வருது. சாமான் டூப்ளிகேட்டா?

பதில்: இருக்கலாம், ஆனா என் சந்தேகம் மாட்டின விதத்து மேல. ஆர்ம் புஷ்ஷுல ரப்பர் உள்ள இருக்குற இரும்புக் குழாயோட ஒட்டியே இருக்கும், போல்ட் டைட் ஆனதும் அந்தக் குழாய் அசையாது, ஆர்ம் மேலயும் கீழயும் போறதெல்லாம் ரப்பர் முறுக்கித்தான். நம்மாளுங்க வண்டியை ரேம்புல தூக்கி, வீல் தொங்கிட்டு இருக்கும்போதே ஏர் கன்னை வச்சு டர்ருன்னு ஃபுல் டைட் அடிச்சிடுவாங்க. வண்டியைக் கீழ இறக்கினதும் ஆர்ம் மேல ஏறும், ரப்பர் ஈரத்துணியைப் பிழிஞ்ச மாதிரி முறுக்கிக்கிட்டே நிக்கும், நிறுத்தி வச்சிருந்தாலும் அதே நிலைமைதான், அப்புறம் நம்ம ரோட்டுப் பள்ளத்துல எத்தனை நாள் தாங்கும்? போல்ட்டை லேசா பிடிச்சு வச்சுட்டு, பால் ஜாயிண்டுக்குக் கீழ ஜாக்கி கொடுத்து வண்டி வெயிட் ஆர்ம் மேல வந்ததும் டார்க் ரென்ச்ல (சொன்ன அளவுக்கு இறுக்குற ஸ்பேனர்) கடைசி டைட் வைக்கணும். அஞ்சு நிமிஷ வேலை, கேட்டு வாங்கிக்கோங்க. முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம், இல்லன்னா டயர் ஓரமா தேயும்.

அதுக்கு முன்னாடி லிங்க் ராடை (வண்டி சாயாம பிடிக்கிற கம்பியை சஸ்பென்ஷனோட சேக்குற சின்ன ராடு) பார்த்தீங்களா? மெதுவா போகும்போது சின்னச் சின்ன மேடு பள்ளத்துல கடகடன்னா பல தடவை குத்தவாளி அதுதான், விலையும் கம்மி. வீலைத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. ஆட்டம் நின்னா வீல் பேரிங், நிக்கலன்னா பால் ஜாயிண்ட் பக்கம். பால் ஜாயிண்ட்ல ஆட்டம்னு தெரிஞ்சா ஊருக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம்னு விடாதீங்க, கழண்டா வீல் அப்படியே மடங்கிடும்.

கேள்வி: சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடைகள்ல பழைய ஆக்ஸில் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனா உங்க பழைய ஷாஃப்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க. நீளம், ரெண்டு முனையிலயும் பல் எண்ணிக்கை, ஏபிஎஸ் பிரேக்குக்கு வீல் வேகத்தைக் காட்டுற ரிங் இருந்தா அது, எல்லாம் ஒத்துப் போகணும், பெட்ரோல் டீசலுக்கே மாறலாம். ஜாயிண்டை மடக்கி முறுக்கிப் பாருங்க, சொரசொரன்னு இருந்தா வச்சுட்டு வந்துடுங்க. மாட்டும்போது கியர்பாக்ஸ் ஆயில் சீலையும் புதுசா போட்டுடுங்க, ஷாஃப்டை உருவினா கியர் ஆயில் ஊத்தும், திரும்ப லெவல் பார்க்காம வண்டியை எடுக்காதீங்க.

கேள்வி: நானே மாத்தப் போறேன். ஷாஃப்டைக் கழட்டிட்டு வண்டியை ஓரமா தள்ளி நிறுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. பல வண்டியில அந்த ஆக்ஸில் நட்டோட இறுக்கம்தான் வீல் பேரிங்கைப் பிடிச்சு வச்சிருக்கு, அது இல்லாம வெயிட் விழுந்து உருண்டா பேரிங் காலி. நட்டை லூஸ் பண்றது மட்டும் வீல் தரையில இருக்கும்போது, ஹேண்ட் பிரேக் போட்டு, அதுக்கப்புறம் தூக்கிக்கோங்க, ஸ்டாண்டு இல்லாம வெறும் ஜாக்கியை நம்பி அடியில போகாதீங்க. ஓரத்தைத் தட்டி மடக்கி லாக் பண்ற டைப் நட்டுன்னா பழசைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு போடுங்க, டார்க் எவ்ளோன்னு உங்க மாடலோட சர்வீஸ் மேனுவல்ல பார்த்துக்கோங்க.