வாசகர் கேள்வி பதில்: அப்பா வாங்கிய பெஸ்ட்செல்லர்கள்

கேள்வி: வீடு மாறுகிறோம். அப்பா 60களிலிருந்து வாங்கிச் சேர்த்த புத்தகங்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. டேல் கார்னகி, டாக்டர் ஸ்பாக், கண்ணதாசன், உதயமூர்த்தி என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. காராங் கூனிக்கு (பழைய சாமான் வாங்குகிறவருக்கு) போட்டுவிடச் சொல்கிறார்கள் பிள்ளைகள். எனக்கு மனம் வரவில்லை. இதையெல்லாம் இன்று யாராவது படிப்பார்களா?
– வாசகி, பொங்கோல்

பதில்: போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் ஒருமுறையாவது பிரித்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். கதை இல்லாத ஒரு புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது என்றால் அந்தக் காலத்து ஜனங்களுக்கு ஏதோ ஒரு கவலை இருந்திருக்கிறது, அதற்கு ஒருவர் வந்து விடை சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். விடை சரியா தப்பா என்பது பிறகு. அப்பாவுக்கு எந்த வயதில் என்ன கவலை இருந்தது என்பதே அந்தப் பெட்டிகளில் இருக்கலாம், யார் கண்டது?

கார்னகியை எடுத்துக்கொள்ளுங்கள். 1912லிருந்து நியூயார்க்கில் மாலை நேரத்தில் பேச்சுப் பயிற்சி வகுப்பு நடத்தியவர். வேலைக்குப் போய்விட்டு வருகிற சாதாரண ஆட்கள்தான் மாணவர்கள். அந்த வகுப்புக்கு வந்த ஒரு பதிப்பக அதிகாரி, இதைப் புத்தகமாகப் போடலாமே என்று கேட்டு, பேசியதைச் சுருக்கெழுத்தில் எடுக்க வைத்து, 1936ல் அது 'ஹவ் டு வின் ஃபிரெண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளூயன்ஸ் பீப்பிள்' என்ற நூலாக வந்தது. முதலில் அச்சிட்டது சுமார் 5,000 பிரதி. இன்றைக்கு 3 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அமெரிக்காவில் பொருளாதாரமே படுத்துக் கிடந்த காலம் அது, இருக்கிற வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நாலு பேரிடம் பழகத் தெரிய வேண்டும் என்ற தவிப்பு எல்லோருக்கும் இருந்தது. வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களின் சங்கடத்தைக் கேட்டுக் கேட்டு எழுதியதால்தான் அதை இன்றும் படிக்க முடிகிறது. அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பாக் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். 1946ல் 25 சென்ட்டுக்கு வந்த குழந்தை வளர்ப்புப் புத்தகம். போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் குடும்பம் தொடங்கிய நேரம், வீட்டுக்கு வீடு குழந்தை. 'உங்களை நம்புங்கள், நீங்கள் நினைப்பதைவிட உங்களுக்கு அதிகம் தெரியும்' என்று ஆரம்பிக்கிற ஒரு மருத்துவரை எந்தத் தாய்க்குத்தான் பிடிக்காது. ஆனால் 1958ல் வந்த பதிப்பில் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார், மல்லாந்து படுத்தால் வாந்தி தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்ற பயத்தில். திடீர் சிசு மரணத்துக்குக் குப்புறப் படுப்பது ஒரு முக்கியக் காரணம் என்று பின்னால் தெரிந்து, இன்று உலகம் முழுக்க மல்லாக்கத்தான் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். அக்கறையோடு எழுதிய, கோடிக்கணக்கானோர் நம்பிய புத்தகத்திலும் இப்படி ஒரு வரி இருந்திருக்கிறது. அதனால் பழைய மருத்துவ, உணவுப் புத்தகங்களை நினைவுக்காக வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் படிக்கக் கொடுக்காதீர்கள்.

1962ஐச் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த வருடம் அமெரிக்காவில் கதையல்லாத நூல்களில் முதலிடம் பிடித்தது, கலோரியைக் கணக்குப் பார்க்கவே வேண்டாம் என்று சொன்ன ஓர் உணவுப் புத்தகம். எழுதிய மருத்துவர் ஒருவகை எண்ணெய் மாத்திரையை அதன் வழியாக விற்பனை செய்த வழக்கில் 1967ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அதே 1962ல்தான் ரேச்சல் கார்சனின் 'சைலன்ட் ஸ்பிரிங்' வந்தது. பூச்சிக்கொல்லிகள் பறவைகளையும் மண்ணையும் என்ன செய்கின்றன என்று, புற்றுநோயோடு போராடிக்கொண்டே எழுதினார். ரசாயன நிறுவனங்கள் பணத்தைக் கொட்டி எதிர்த்தன. மறு வருடம் அதிபர் கென்னடியின் அறிவியல் குழு அவர் சொன்னது சரி என்றது, 1964ல் அவர் இறந்தார், 1972ல் அமெரிக்கா டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தடை செய்தது. இரண்டுமே அந்த வருடத்து பெஸ்ட்செல்லர்தான். அப்பாவின் பெட்டியில் கார்சன் இருந்தால் உங்கள் பிள்ளைகள் கையில் கொடுங்கள், காராங் கூனி பேச்சை அவர்களே நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: கடைக்குப் போனால் பாதிப் புத்தகங்களின் அட்டையில் 'பெஸ்ட்செல்லர்' என்று போட்டிருக்கிறது. இதை யார் எண்ணுகிறார்கள்?
– வாசகர், ஜூரோங்

பதில்: எண்ணத்தான் செய்கிறார்கள், ஆனால் நீங்கள் நினைப்பதை அல்ல. நியூயார்க் டைம்ஸ் 1931லிருந்து பட்டியல் போடுகிறது. தேர்ந்தெடுத்த கடைகளிலிருந்து வாராவாரம் விற்பனைக் கணக்கு வாங்கிப் போடுவது அது. எந்தெந்தக் கடை என்பதை வெளியே சொல்வதில்லை. ஆக அது வேகத்தைப் பார்க்கிற பட்டியல், மொத்த விற்பனையை அல்ல. ஒரே வாரத்தில் 10,000 போனால் பட்டியலில் ஏறலாம், அதே 10,000 ஐந்து வருடத்தில் நிதானமாகப் போனால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நிறுவனங்கள் மொத்தமாக வாங்கியதாகத் தெரிந்தால் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கத்திக் குறி (†) போடுவார்கள், அதை அட்டையில் அச்சிடுகிற பதிப்பாளர் யாரும் இல்லை.

இன்னொன்று. 1984ல் அந்தப் பத்திரிகை உணவுக் கட்டுப்பாடு, தன்னம்பிக்கை, 'எப்படிச் செய்வது' வகைகளையெல்லாம் பிரித்துத் தனிப் பட்டியலாக ஆக்கியது. அவற்றோடு சேர்த்து எண்ணினால் வரலாறும் வாழ்க்கை வரலாறும் அறிவியலும் தலை தூக்கவே முடியவில்லை. ஆகவே அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள். கடையில் நின்றபடியே நடுவிலிருந்து ஒரு பக்கம் படியுங்கள். முதல் பக்கத்தை எல்லோரும் இழைத்து இழைத்து எழுதுவார்கள். நடுப்பக்கத்தில் எழுத்தாளர் சோம்பலாக இருந்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: ஸ்டீபன் ஹாக்கிங்கின் 'எ பிரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம்' வாங்கினேன். நான்காவது அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். பாலிடெக்னிக்கில் படிக்கிற எனக்கே இப்படி என்றால் கோடிப் பேர் எப்படி வாங்கினார்கள்?
– மாணவர், செங்காங்

பதில்: வாங்கினார்கள், உங்களைப் போலவே பலர் நின்றும் போனார்கள். 2014ல் ஒரு கணிதப் பேராசிரியர், மின்னூலில் வாசகர்கள் அடிக்கோடிட்ட இடங்களை வைத்து எவ்வளவு தூரம் படித்திருப்பார்கள் என்று தோராயமாகக் கணக்குப் போட்டு அதற்கு ஹாக்கிங் பெயரையே வைத்தார்.

ஆனால் அதற்காக அந்தப் புத்தகத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். விமான நிலையக் கடையில் விற்கிற மாதிரி ஒரு பிரபஞ்சப் புத்தகம் எழுத வேண்டும் என்பது ஹாக்கிங்கின் ஆசை. முதல் வரைவு கையில் இருந்த நிலையில் 1985ல் நிமோனியா வந்து, தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து, பேச்சே போய்விட்டது. கணினியின் உதவியோடு மறுபடி உட்கார்ந்தார். ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாக்கும் என்று எச்சரித்தார்கள், அதனால் ஐன்ஸ்டைனின் ஒரே ஒரு சமன்பாட்டை மட்டும் விட்டு வைத்தார். பதிப்பாசிரியர் புரியவில்லை புரியவில்லை என்று கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார், இவரும் எரிச்சல் வந்தாலும் திரும்பத் திரும்ப எழுதினார். 1988ல் வெளியாகி, லண்டன் சண்டே டைம்ஸ் பட்டியலில் 237 வாரம் இருந்தது. நீங்கள் நாலையும் ஐந்தையும் தாண்டி ஆறாவது அத்தியாயத்துக்குப் போங்கள், கருந்துளைகள் அங்கேதான் இருக்கின்றன. அவர் சொந்தமாக உழைத்த இடம் அது, எழுத்திலேயே தெரியும். பிறகு திரும்பி வாருங்கள். அதுவும் முடியாவிட்டால் 2005ல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய எளிய, சின்ன வடிவம் இருக்கிறது, அதைப் படியுங்கள்.

கேள்வி: தமிழில் இப்படிப் பரபரப்பாக விற்ற கதையல்லாத புத்தகங்கள் உண்டா? என் பேரனுக்கு எதை வாங்கித் தரலாம்?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: உண்டு, நிறையவே உண்டு. ஆனால் நம்முடையது வேறு பாதையில் வந்தது. அங்கே புத்தகம் வந்து பத்திரிகை பேசும், இங்கே பத்திரிகையில் தொடராக வந்து, வாரா வாரம் வாசகர் கடிதம் போட்டு, அப்புறம்தான் புத்தகம். கண்ணதாசனின் 'அர்த்தமுள்ள இந்து மதம்' தினமணி கதிரில் ஆரம்பித்துப் பத்துப் பாகங்களாக வளர்ந்தது. நாத்திகம் பேசிவிட்டுத் திரும்பி வந்த ஒரு மனிதர் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற நடை அது, கருத்தை ஏற்காதவர்களும் நடையை ஏற்பார்கள். ஜூனியர் விகடனில் சுஜாதா வாசகர்களின் அறிவியல் சந்தேகங்களுக்குப் பதில் சொன்னதுதான் 'ஏன்? எதற்கு? எப்படி?'. அதே பத்திரிகையில் கார்ட்டூனிஸ்ட் மதன் எழுதிய 'வந்தார்கள்... வென்றார்கள்', பள்ளிக்கூடத்தில் தேதி தேதியாக மனப்பாடம் செய்த டெல்லி சுல்தான்களையும் முகலாயர்களையும் ரத்தமும் சதையுமாகக் காட்டியது. வாரம் ஒரு அத்தியாயம் என்றால் வாசகரை அடுத்த வாரமும் வரவழைக்க வேண்டும், அந்தக் கட்டாயமே இவர்களின் எழுத்தைத் தெளிவாக்கியது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

1999ல் வந்த அப்துல் கலாமின் சுயசரிதை 'அக்னிச் சிறகுகள்' என்று தமிழுக்கு வந்து வீடு வீடாகப் போனது. 2004ல் தொடங்கிய கிழக்கு பதிப்பகம் கதையல்லாத நூல்களையே பெரிதாக நம்பி இறங்கியது. சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' பங்குச் சந்தையைத் தமிழில் சொல்லிக் கொடுத்தது, பா. ராகவனின் 'நிலமெல்லாம் ரத்தம்' பாலஸ்தீனத்தை. இப்போது மனித இனத்தின் வரலாற்றைச் சொல்லும் ஹராரியின் 'சேப்பியன்ஸ்' கூடத் தமிழில் கிடைக்கிறது.

பேரனுக்கு என்றால் யோசிக்காமல் சுஜாதா. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் என்றால் பாடம், தேர்வு, வாய்மொழிப் பயிற்சி. வானம் ஏன் நீலம் என்பதைத் தமிழில் ஒருவர் உற்சாகமாகப் பேசி அவர்கள் கேட்பதே இல்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நூலகத்தின் தமிழ்ப் பிரிவில் முதலில் இரவல் வாங்கிக் கொடுங்கள். ஒரே மூச்சில் படிக்கச் சொல்லாதீர்கள், ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும்.

கேள்வி: தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பயிற்சியில்) இருக்கும் என் மகன் 'அட்டாமிக் ஹேபிட்ஸ்' மாதிரிப் புத்தகங்களைத் தவிர எதையும் தொடுவதில்லை. என்ன செய்யலாம்?
– தாய், சுவா சூ காங்

பதில்: படிக்கிறாரே, விடுங்கம்மா. 2018ல் வந்த அந்தப் புத்தகம் சொல்கிற விஷயம் நல்லதுதான்: சின்னதாகத் தொடங்கு, தினமும் செய். அதைத் திட்டாமல் பக்கத்தில் ஒரு வாழ்க்கை வரலாற்றை வையுங்கள். சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூ தம் 75வது பிறந்தநாளில், 1998ல் வெளியிட்ட 'தி சிங்கப்பூர் ஸ்டோரி'யில் ஜப்பானியர் ஆட்சிக் காலம் பற்றிய பக்கங்களை மட்டும் முதலில் படிக்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட உங்கள் மகன் வயதில் இருந்த ஒருவர், சீருடை அணிந்தவர்களைப் பார்த்து உயிருக்குப் பயந்த கதை. முகாமுக்கு எடுத்துப் போகக் கொஞ்சம் கனமான புத்தகம், வார இறுதியில் வீட்டில் வைத்துப் படிக்கட்டும்.